வக்கீலும் இன்ஸ்பெக்டரும் தமிழாசிரியரும்

சர்வகலாசாலைப் பேராசிரியர் என்றதும் நம் மனத்தில் ஓர் உருவம் எழுகிறது. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தவர். பிறகு வெளியே வரவே இல்லை. மாணவர் பெஞ்சியிலிருந்து எழுந்து ஆசிரியர் நாற்காலிக்குப் போனார். அங்கிருந்து அதைவிடப் பெரிய நாற்காலிக்குப் போனார். கோட்டாற்றுச் சந்தையில் அரிசி என்ன விலை விற்கிறது, தாலுக்காக் கச்சேரியில் ஒரு காகிதம் நகர எத்தனை நாள் ஆகிறது என்பவையெல்லாம் அவர் அறியாத விஷயங்கள். இந்தச் சித்திரம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டோம். ஆனால் நாஞ்சில் நாட்டோடும் அதன் சுற்றுவட்டாரத்தோடும் சம்பந்தப்பட்ட பழைய தமிழறிஞர்களின் வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தால் இதற்கு நேர் விரோதமான காட்சி ஒன்று தென்படுகிறது.

முதலில் கே. என். சிவராஜ பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1879ல் நாஞ்சில் நாட்டில் பிறந்தவர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அவர் பார்த்த உத்தியோகம் போலீஸ் இன்ஸ்பெக்டர் உத்தியோகம். திருட்டு, அடிதடி, எல்லைத் தகராறு, பொய்ச் சாட்சி இவற்றினிடையே காலம் கழித்த அந்த மனிதர்தாம் பிற்காலத்தில் சென்னைச் சர்வகலாசாலையில் தமிழ் ரீடராக வந்து அமர்ந்தார். 1932ல் பண்டைத் தமிழரின் கால வரிசையைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெரிய புத்தகத்தைச் சர்வகலாசாலை வெளியிட்டது.

அந்தப் புத்தகத்தில் அவர் கையாண்ட முறையைக் கவனிக்க வேண்டும். சங்கப் பாட்டுக்களில் வரும் அரசர்கள், குறுநில மன்னர்கள், புலவர்கள் எல்லாரையும் வரிசைப்படுத்துகிறார். எந்தப் புலவர் எந்த அரசனைப் பாடினார்? அதே புலவர் வேறு யாரைப் பாடினார்? அப்படியானால் அந்த இரண்டு அரசர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்தாமே? இவ்விதம் ஒருவரோடு ஒருவரை முடிச்சுப் போட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பட்டியல் தயாரிக்கிறார். பின்னால் வந்த உரைகாரர் சொன்ன கதைகளையும் செவிவழிச் செய்திகளையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதற்கே அவர் தயங்குகிறார். சம்பவம் நடந்த காலத்தில் அங்கே இருந்தவன் சொல்வது சாட்சியம். நூறு வருஷம் கழித்து வந்தவன் சொல்வது வதந்தி. இந்தப் பாகுபாட்டை அவர் எந்தக் கல்லூரியில் கற்றார்? போலீஸ் ஸ்டேஷனில்தான் கற்றிருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவருடைய துணிச்சலுக்கு இன்னோர் உதாரணம் உண்டு. அகத்திய முனிவர் தமிழ்நாட்டுக்கு வந்து தமிழை வளர்த்தார் என்ற பழங்கதையைச் சரித்திரமாக ஏற்க முடியாது என்று மறுத்துத் தனியாக ஒரு நூலே எழுதினார். நாஞ்சில் நாட்டிலே ஒரு தாலுக்காவுக்கே அகஸ்தீஸ்வரம் என்று பெயர். மருந்துவாழ் மலையிலிருந்து பொதிகை வரையில் அகத்தியர் கால் படாத பாறை இல்லை என்று நம்பும் ஜனங்களுக்கு நடுவில் பிறந்தவர், அந்த அகத்தியரையே விசாரணைக்கு அழைத்து, "ருசு போதாது" என்று அனுப்பிவிட்டார்! அவர் கட்டிய காலக் கணக்குப் பிற்காலத்தில் பல இடங்களில் மறுக்கப்பட்டது. அதனால் என்ன? மறுத்தவர்களும் அவருடைய பட்டியல்களை முன்னால் வைத்துக்கொண்டே மறுக்க வேண்டியிருந்தது.

அடுத்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. 1891ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தாலும், திருவனந்தபுரத்தில் வக்கீலாகத் தொழில் நடத்தியவர். நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நண்பர். கட்சிக்காரர்களின் கட்டுக்களுக்கு மத்தியில் ஏட்டுச் சுவடிக் கட்டுக்களையும் வைத்திருந்தார். 1922ல் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தைப் பதிப்பித்தார். 1926ல் சென்னைச் சர்வகலாசாலை தன்னுடைய தமிழ் லெக்ஸிகனுக்குப் பதிப்பாசிரியராக அவரைக் கொண்டுவந்தபோது அவருக்கு வயது 35. அந்த அகராதி வேலை 1913ல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரியார் சாண்ட்லர் தலைமையில் ஆரம்பமாகி, பல கை மாறி, மெள்ள நகர்ந்துகொண்டிருந்தது. வக்கீல் வந்தார், 1936ல் ஆறு சம்புடங்களும் முடிந்தன, 1939ல் அனுபந்தமும் வெளிவந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள்! வாய்தா வாங்கியே பழகியவர்கள் வக்கீல்கள் என்று கேலி செய்வதுண்டு. இந்த ஒரு வழக்கில் வாய்தாவுக்கு முடிவு கட்டியவரே ஒரு வக்கீல்தாம். 1936 முதல் 1946 வரையில் அதே சர்வகலாசாலையில் தமிழ்த் துறைக்குத் தலைவராகவும் இருந்தார்.

இவர் ஒருவர்தாமா? நாவலர் சோமசுந்தர பாரதியார் வக்கீல். 1933ல் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் தமிழ்ப் பேராசிரியரானார். ரா. பி. சேதுப்பிள்ளை திருநெல்வேலியில் வக்கீல். நகரசபையில் இருந்து ஊர்த் தெருக்களின் திரிந்த பெயர்களைத் திருத்தியவர். பிறகு அண்ணாமலையிலும் சென்னையிலும் பேராசிரியர். கா. சுப்பிரமணிய பிள்ளை சட்டக் கல்லூரியில் போதித்தவர், 'எம். எல். பிள்ளை' என்றே பிரசித்தி பெற்றவர். அவரும் அண்ணாமலையில் தமிழ் கற்பித்தார். அந்தக் காலத்தில் தமிழ்த் துறைக்கு ஆள் வேண்டுமென்றால் திருநெல்வேலிக் கோர்ட்டு வாசலில் போய் நின்றால் போதும் போலும்!

இவர்களுக்கெல்லாம் மூத்தவரான மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் உத்தியோகப் பாதையும் நேர்ப்பாதை அல்ல. ஆலப்புழையில் 1855ல் பிறந்து, திருநெல்வேலி ஹிந்து கலாசாலையில் தலைமை வகித்து, திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தார். நடுவில் சில வருஷம் வகுப்பை விட்டுச் சமஸ்தானத்தின் வருமான இலாகாவில் பிறவகைச் சிரஸ்தாராகக் கணக்குப் பார்த்தார். மறுபடியும் தத்துவத்துக்கே திரும்பினார். பிற்பாடு வேணாட்டு அரசர்களின் சரித்திரத்தைக் கட்டியபோது புராணத்தை நம்பாமல் கோயிற் சுவர்களில் உள்ள சாஸனங்களைத் தேடிப் போனார்; அவற்றில் நம் நாஞ்சில் நாட்டுச் சாஸனங்களும் உண்டு. 1897ல் காலமான அவருடைய பெயரைத்தான் 1990ல் திருநெல்வேலியில் ஏற்பட்ட சர்வகலாசாலைக்கு வைத்திருக்கிறார்கள். கன்னியாகுமரி ஜில்லாக் கல்லூரிகள் பல அதில் சேர்ந்தவை.

இன்னும் பின்னால் போனால் இந்தக் கலப்பு அதிகமாகிறது. 1809ல் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற பாதிரியார் தொடங்கிய பாடசாலையே பிற்காலத்தில் நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கலாசாலையாக வளர்ந்தது. அவருக்குப் பின் வந்த மீட் பாதிரியார் அதை நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார். அவரை 1818ல் திருவிதாங்கூர் ராணி நாகர்கோவிலில் நீதிபதியாகவே நியமித்தார். காலையில் வேதம், மத்தியானம் வியாஜ்ஜியம், மாலையில் பள்ளிக்கூடம்! எது யாருடைய வேலை என்று வரம்பு கட்டாத காலம் அது.

ஆசிரியர்கள் இருக்கட்டும்; தலைமை ஸ்தானத்தில் இருந்தவர்கள் யார்? சென்னைச் சர்வகலாசாலையின் முதல் இந்திய வைஸ் சான்ஸலரான மணி ஐயர் ஹைகோர்ட்டு நீதிபதி. 1917ல் அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கு இந்தியாவின் நிலையை விளக்கிக் கடிதம் எழுதி, அதனால் கிளம்பிய கண்டனத்தைக் கண்டு, அந்நிய சர்க்கார் அளித்த 'ஸர்' பட்டத்தைத் துறந்தவர். அண்ணாமலையில் 1935 முதல் 1940 வரை வைஸ் சான்ஸலராக இருந்த ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் ஆதியில் திருவல்லிக்கேணிப் பள்ளித் தலைமையாசிரியர். 1942 முதல் 1969 வரை, 27 வருஷம், சென்னைச் சர்வகலாசாலையை நடத்திய லக்ஷ்மணசாமி முதலியார் பிரசவ வைத்தியத்தில் நிபுணர். மாணவர்கள் அவரிடம் நடுங்கினார்கள் என்பார்கள். ஆனால் சர்வகலாசாலை வளர்ந்தது.

நம் நாகர்கோவில் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரிலோ, 1937ல் சர்வகலாசாலை ஏற்பட்டபோது திவான் ஸர் ஸி. பி. ராமசாமி ஐயரே வைஸ் சான்ஸலர். வக்கீலாகப் பெயரெடுத்தவர், சர்வகலாசாலைக்கு அஸ்திவாரம் நன்றாகவே போட்டார், பிற்காலத்தில் காசி சர்வகலாசாலைக்கும் தலைவரானார். ஆனால் போலீஸையும் சிறைச்சாலையையும் ஒரு கையிலும் கலாசாலையை மறு கையிலும் வைத்திருப்பவரிடம் ஒரு மாணவன் எப்படி எதிர்க் கேள்வி கேட்பான்? 1947ல் அவர் திருவிதாங்கூரைத் தனி நாடாக்கப் பார்த்ததும், ஜூலை மாதம் வெட்டுக் காயத்தோடு தப்பி, பதவியை விட்டுப் போனதும் தெரிந்த கதை. வெளி உலக அனுபவம் வேறு, வெளி உலக அதிகாரம் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. அனுபவத்தைக் கலாசாலைக்குள் கொண்டுவரலாம். அதிகாரத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும்.

இவ்வளவு பழங்கதையும் இப்போது எதற்கு என்று நேயர்கள் கேட்கக்கூடும். சென்ற கோடையில் நம் தமக்கையின் பேத்தி பன்னிரண்டாம் வகுப்புத் தேறினாள். ஒரு சர்வகலாசாலையிலிருந்து அவளுக்குப் பளபளவென்று ஒரு விவரப் புத்தகம் தபாலில் வந்தது. எந்தச் சர்வகலாசாலை என்பது இங்கே அவசியமில்லை. எல்லாவற்றின் புத்தகமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல்தான் இருக்கிறது. தலைவர், துணைத் தலைவர், ஆலோசகர், ஆலோசகருக்கு ஆலோசகர் என்று முழுப் பக்கப் படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பூர்வாசிரமம்: இன்ன பன்னாட்டுக் கம்பெனியில் உபதலைவர், இன்ன வங்கியில் டைரக்டர், இருபத்தைந்து வருஷ அனுபவம், முப்பது வருஷ அனுபவம். நாமும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகப் படித்தோம். குழந்தை முழுவதையும் புரட்டிவிட்டு, "பாட்டா, இதுல எனக்குப் பாடம் எடுக்கப்போறது யாரு?" என்று கேட்டாள்.

தேடினோம். கடைசிப் பக்கத்தில், கட்டண அட்டவணைக்கு மேலே, 'அனுபவமும் தகுதியும் வாய்ந்த ஆசிரியர் குழு' என்று ஒரே வரி இருந்தது. பெயர் இல்லை, படம் இல்லை. அவள் அந்தப் புத்தகத்தைத் தம்பிக்கு அட்டை போடக் கொடுத்துவிட்டு, தனக்கு முன்னால் படித்த பெண்களைக் கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பித்தாள். கெட்டிக்காரி.

இந்தப் புத்தகங்களின் போக்குக்குச் சட்டமும் இப்போது வழி திறந்திருக்கிறது. 2022ல் சர்வகலாசாலை மானியக் குழு ஒரு புதிய பதவியை ஏற்படுத்தியது. தொழிலனுபவப் பேராசிரியர் என்று அதைச் சொல்லலாம். டாக்டர் பட்டம் அவசியமில்லை. தன் தொழிலில் குறைந்தது 15 வருஷ அனுபவம், அதுவும் உயர்ந்த பதவியில் இருந்தால் விசேஷம். மொத்தப் பதவிகளில் நூற்றுக்கு 10க்கு மேல் இவர்களை வைக்கக் கூடாது. மூன்று வருஷம் இருக்கலாம், மிஞ்சினால் நான்கு. 2025 ஜனவரியில் வெளியிட்ட நகல் விதிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், கம்பெனி நிர்வாகத்திலும் சர்க்கார் நிர்வாகத்திலும் பெரிய பதவி வகித்தவர்களையும் வைஸ் சான்ஸலராக்கலாம் என்று எழுதினார்கள். மாகாணங்களின் உரிமையைப் பறிக்கும் விதிகள் அவற்றில் இருப்பதாகக் கூறித் தமிழ்நாடு சட்டசபை அந்த மாதமே எதிர்த்துத் தீர்மானம் செய்தது.

"நல்லதுதானே? வக்கீலும் இன்ஸ்பெக்டரும் வந்து தமிழ் வளர்த்தார்கள் என்று இத்தனை நேரம் நீர்தாமே சொன்னீர்?" என்று ஒரு நண்பர் நம்மை மடக்கினார். மெய்தான். ஆகவே நம் பழைய பெரியவர்களை இந்தப் புது வாசலில் நிறுத்திப் பார்த்தோம். வையாபுரிப் பிள்ளை 35 வயதில் வருகிறார். 15 வருஷ வக்கீல் அனுபவம் வேண்டுமானால் அவர் 20 வயதில் கோர்ட்டு ஏறியிருக்க வேண்டும், நடவாத காரியம். வாசற்காவலன் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவான். சிவராஜ பிள்ளைக்கு வருஷக் கணக்கு ஒருவேளை சரியாகலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் என்பது எந்த ஊரில் உயர்ந்த பதவி? போலீஸ் தலைமை அதிகாரி வந்தால் நாற்காலி போடுவார்கள்; இன்ஸ்பெக்டருக்குப் பெஞ்சிதான்.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. வையாபுரிப் பிள்ளை வக்கீல் என்பதற்காக வரவழைக்கப்படவில்லை. அவர் செய்து முடித்திருந்த பதிப்பு வேலையே அவருக்குச் சிபாரிசு. வக்கீல் தொழில் அவருக்குச் சோறு போட்டது, அறிவுக்குச் சாணை பிடித்தது, அவ்வளவே. இன்றைய விதியோ வேலையைக் கேட்பதற்கு முன்னால் வருஷத்தைக் கேட்கிறது. வருஷத்தோடு நாற்காலியின் உயரத்தையும் கேட்கிறது.

இப்படிச் சொல்வதனால் பழைய காலம் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மேலே நாம் எழுதிய தமிழறிஞர்களின் பெயர்களைச் சற்றே உரக்கப் படித்துப் பாருங்கள். பிள்ளை, பிள்ளை, பிள்ளை! பாரதியாரைத் தவிர எல்லாரும் பிள்ளைமார். பெண் ஒருத்தியும் இல்லை. கோயில் வாசல் திருவிதாங்கூரில் எல்லாருக்கும் திறந்ததே 1936ல்தான். கலாசாலை வாசல் மட்டும் எப்படித் திறந்திருக்கும்? யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை அறிந்து அழைக்க வேண்டுமானால் முதலில் அறிமுகம் வேண்டும், சுவடி வேண்டும், வீட்டிலே விளக்கெண்ணெயும் ஓய்வும் வேண்டும். இவையெல்லாம் சில வீடுகளில்தான் இருந்தன. பட்டம், பரீட்சை, எழுதி வைத்த விதி, இட ஒதுக்கீடு என்று வந்த பிறகே மற்றவர்களும் "எமக்கும் உரிமை உண்டு" என்று விண்ணப்பம் நீட்ட முடிந்தது. சுந்தரம் பிள்ளை பெயர் கொண்ட சர்வகலாசாலைக்கு 1992 முதல் 1998 வரை வே. வசந்தி தேவி வைஸ் சான்ஸலராக இருந்தார் என்றால், கல்லூரி ஆசிரியையாகப் படிப்படியாக ஏறி வந்தே அந்த இடத்தை அடைந்தார்.

பட்டத்தின் பாதையும் நாஞ்சில் நாட்டுக்கு நன்மை செய்யாமல் இல்லை. கே. கே. பிள்ளை ஆக்ஸ்போர்டு வரை சென்று படித்தவர். சுசீந்திரம் கோயிலைப் பற்றி 1953ல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு இணையாக வேறொரு கோயிலுக்கு நூல் அமைவது அரிது. வடசேரியில் 1926ல் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் அமெரிக்காவில் இந்தியானா சர்வகலாசாலையில் மொழியியல் கற்று டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1981ல் தஞ்சாவூரில் தமிழ்ச் சர்வகலாசாலை தொடங்கியபோது அதன் முதல் வைஸ் சான்ஸலர் ஆனார். அங்கே சிற்பம், சித்த வைத்தியம், கடல் சார்ந்த சரித்திரம் என்று துறைகள் உண்டு. உளி பிடித்த கையும் மருந்து அரைத்த கையும் உள்ளே வரவேண்டிய துறைகள் இவை. பட்டம் பெற்றவரும் கைத்திறன் பெற்றவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை.

ஆனால் இன்றைக்கு வயிற்றெரிச்சலோடு இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதி கேட்டதையெல்லாம் செய்தவர்கள் அவர்கள். தகுதிப் பரீட்சை எழுதினார்கள். வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்கினார்கள். இப்போது கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரோடு தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் தவணைச் சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறார்கள். கௌரவம் பெயரில் இருக்கிறது. புதிய பதவி நிரந்தர ஸ்தானங்களைத் தொடாது என்று மானியக் குழு எழுதியிருப்பது உண்மையே. ஆயினும் காலி ஸ்தானங்களை நிரப்பாமலே வைத்திருக்கும் கலாசாலையில், மூன்று வருஷ விருந்தாளிக்கு இலை போடுவதைப் பசியோடு நிற்பவன் எப்படிச் சகிப்பான்?

அந்த விதியில் இன்னொரு வரி உண்டு. ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கும், இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்தப் பதவி கிடையாது. இதைப் படித்தபோது நமக்கு ஒருவருடைய ஞாபகம் வந்தது. தேரூரில் 1876ல் பிறந்து, கோட்டாற்றில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கி, பிறகு திருவனந்தபுரத்தில் பெண்கள் கலாசாலையில் கற்பித்து, 36 வருஷ ஆசிரியப் பணிக்குப் பின் 1931ல் ஓய்வு பெற்றுப் புத்தேரிக்கு வந்து சேர்ந்தவர். சர்வகலாசாலை லெக்ஸிகனுக்குச் சொல்லும் பொருளும் உதவியவர். ராஜராஜ சோழனுடைய மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச் சாலையைப் பற்றி வரும் தொடர் எதைக் குறிக்கிறது என்று ஊர் ஊராகச் சாஸனங்களைத் தேடிப் படித்து, 1939ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியவர். அதை எழுதியபோது அவர் பேராசிரியரும் அல்ல, ரீடரும் அல்ல. பென்ஷன் வாங்கும் பள்ளிக்கூட வாத்தியார். மறு வருஷம் சென்னையில் அவருக்குக் கவிமணி என்று பட்டம் கொடுத்தார்கள்.

அவரிடம் டாக்டர் பட்டம் இல்லை. ஆகவே பெரிய வாசல் மூடியிருக்கும். அவர் வாழ்நாள் முழுதும் ஆசிரியர். ஆகவே 2022ல் திறந்த புது வாசலும் மூடியிருக்கும். இன்றைக்கும் தோவாளையிலோ விளவங்கோட்டிலோ ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில், மாலை மணி அடித்த பிறகு, கல்வெட்டுப் படியை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாத்தியாரோ வாத்தியாரம்மாவோ இருக்கலாம். அவர்களுக்காக மானியக் குழுவின் விதியில் ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டால் போதும்.